மூடப்பட்ட கஞ்சித் தொட்டிகள்

அயர்லாந்தின் பெரும் பஞ்சம் என்றதும் பழி முதலில் உருளைக்கிழங்கின் மேல்தான் விழுகிறது. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 82 லட்சம் பேர் வாழ்ந்த நாடு அது. அவர்களில் ஒரு பெரும் பகுதியினரான ஏழைக் குடியானவர்களுக்கு உருளைக்கிழங்கே மூன்று வேளைச் சாப்பாடு. கையளவு குத்தகை நிலத்தில் ஒரு குடும்பத்துக்கே வயிறார விளையும் பயிர் வேறு இல்லை. தானியம் விளைந்தாலும் அது குத்தகைப் பணமாக நிலச்சுவான்தாரிடம் போனது. 1845இல் வந்த கருகல் நோய், அடுத்த ஆண்டு விளைச்சலை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது. 1852 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். நோயை இயற்கை கொண்டுவந்தது. சாவுகளில் பெரும்பாலானவற்றை ஆட்சியாளர்களின் முடிவுகள் கொண்டுவந்தன. இதற்கு நான் காட்டும் சான்று 1847ஆம் ஆண்டுக் கோடைக்காலம்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் லண்டன் அரசு, சோறு வேண்டுமென்றால் வேலை செய் என்றது. 1847 மார்ச்சில் ஏழு லட்சம் பேர் சாலை போட்டும் கல் உடைத்தும் கூலி வாங்கினார்கள். விலை ஏறிய மாவை வாங்க அந்தக் கூலி போதவில்லை. பட்டினியில் வற்றிய உடல்கள் பனியில் சரிந்தன. திட்டம் தோற்றபின் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. ஜூலையில் அவை நாள்தோறும் முப்பது லட்சம் பேருக்குச் சோறு போட்டன. மனம் வைத்தால் முடியும் என்பதை அரசே நிரூபித்துவிட்டது! ஆனால் அக்டோபருக்குள் எல்லாத் தொட்டிகளும் மூடப்பட்டன. அவ்வாண்டுப் பயிரில் நோய் இல்லை என்றார்கள். விதைக்கிழங்கையே தின்று தீர்த்தவர்கள் எவ்வளவு பயிரிட்டிருக்க முடியும்? இனிமேல் உதவிச் செலவை உள்ளூர் வரியே ஏற்க வேண்டும் என்றும், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு உதவி கிடையாது என்றும் சட்டம் வந்தது. உணவா, நிலமா என்று பசித்தவனைக் கேட்ட கொடிய சட்டம் அது. 1848இல் கருகல் மீண்டும் வந்தபோது தொட்டிகள் திறக்கவில்லை.

துறைமுகங்களை அடைத்து ஏற்றுமதியைத் தடுத்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று அயர்லாந்து தேசியவாதிகள் நெடுங்காலம் சொன்னார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 1847இல் வெளியே போன தானியத்தைவிட உள்ளே வந்தது அதிகம். வாங்கக் காசில்லை என்பதே பெரிய துயரம். அரசிடம் பணமில்லை என்ற வாதமும் நிற்காது. அடிமை முறையை ஒழித்தபோது அடிமை முதலாளிகளுக்கு இழப்பீடாக இரண்டு கோடி பவுன் ஒதுக்கிய நாடாளுமன்றம், அயர்லாந்துக்கு அதில் பாதிகூடக் கொடுக்கவில்லை.

எஞ்சுவது ஒரு மறுப்பு: சந்தையில் அரசு கைவைக்கக் கூடாதென்பது அக்காலத்து நம்பிக்கை, அதை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா? நிவாரணத்தின் கடிவாளம் கருவூல அதிகாரி சார்லஸ் டிரெவெல்யனிடம் இருந்தது. 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர் இவரே. பஞ்சத்தை இறைவனின் ஏற்பாடாக அவர் உண்மையாகவே நம்பினார். ஆனால் அக்காலத்தவர் எல்லோரும் அப்படி நம்பவில்லை. அயர்லாந்தின் ஏழையர் சட்டத் தலைமை ஆணையர் எட்வர்ட் ட்விசில்டன், உயிர்களைக் காக்கத் தேவைப்படும் தொகை பேரரசுக்கு அற்பமானது என்று எடுத்துச் சொன்னார். நொடித்துப்போன பகுதிகளின் நிவாரணச் சுமையையும் அயர்லாந்தின் மற்றப் பகுதிகள் மீதே அரசு ஏற்றியபோது, இக்கொள்கையை இனி நிறைவேற்ற முடியாதென்று 1849இல் பதவி விலகினார்.