மதர்போர்டில் இருக்கிறது உங்கள் விண்டோஸ்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசுவோம். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப். ஹார்ட் டிஸ்க் போய், புது எஸ்எஸ்டி போட்டாயிற்று. விண்டோஸுக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டுமா என்றுதானே கேட்கிறீர்கள்? வேண்டாம். உங்கள் லைசென்ஸ் டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டில் இருக்கிறது.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது பயாஸ். அது மதர்போர்டில் ஒரு சின்ன ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. டிஸ்க்கை ஃபார்மேட் செய்தாலும் அந்தச் சிப்புக்கு ஒன்றும் ஆகாது. மெஷினைப் பற்றிய விவரங்களைச் சில அட்டவணைகளாக பயாஸ் விண்டோஸிடம் கொடுக்கும். அவற்றில் ஒன்றில்தான் லைசென்ஸ்.

2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது அந்த அட்டவணைக்கு 'எஸ்எல்ஐசி' என்று பெயர். பயாஸில் இந்த அட்டவணை, டிஸ்க்கில் லேப்டாப் கம்பெனியின் சான்றிதழ் ஃபைல், கம்பெனிக்கென்று ஒரு பொதுக் கீ; மூன்றும் பொருந்தினால் இன்டர்நெட்டே இல்லாமல் ஆக்டிவேட் ஆகிவிடும். அன்றைய லேப்டாப்புகளின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்குமே, அதிலிருந்த 25 எழுத்துக் கீ வேறு, கம்பெனி உள்ளே போட்டு அனுப்பிய கீ வேறு! ஒரே பொதுக் கீ அத்தனை மெஷின்களிலும் ஓடியது. ஓட்டை விழுந்ததும் அங்கேதான். விண்டோஸ் எழுவதற்கு முன்பே போலி அட்டவணையை மெமரியில் வைத்து ஏமாற்றும் மென்பொருள்கள் கிளம்பின.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது இதை மாற்றினார்கள். இப்போது போர்டுக்கு ஒரு கீ. அட்டவணையின் பெயர் 'எம்எஸ்டிஎம்'. தொழிற்சாலையிலேயே கீயை எழுதி, அந்த மெஷினின் ஹார்டுவேர் அடையாளத்தையும் மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். லினக்ஸில் அந்த அட்டவணையைத் திறந்து பாருங்கள்: கடைசியில் ஐந்தைந்து எழுத்தாக, நடுவே கோடு போட்டு, முழுக் கீயும் அப்படியே தெரியும்.

விண்டோஸை மறுபடி போடும்போது செட்டப் இந்தக் கீயைத் தானே படித்துக்கொள்ளும். ஹோமா, ப்ரோவா என்று கேட்காமலே நேராக ஹோமுக்குப் போகிறதா? போர்டில் இருப்பது ஹோம் கீ. போட்டு முடித்து நெட்டில் இணைத்தால் ஆக்டிவேட் ஆகிவிடும். காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் போர்டில் சும்மா கிடக்க, அதே மெஷினில் கடைகளில் கிராக் செய்த விண்டோஸைப் போட்டுத் தருகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கிராக்கோடு என்னென்ன வைரஸ் உள்ளே வருகிறதோ!

போர்டையே மாற்றும்போது மட்டும் உஷாராக இருங்கள். பழைய போர்டோடு கீயும் போய்விடும். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் புது போர்டில் கீ எழுதியாயிற்றா என்று கேளுங்கள். பில்லைக் கட்டுவதற்கு முன், அங்கேயே நெட்டில் இணைத்து, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.