ஏறின கியரில் இறங்கு

மும்பைத் தமிழர்களுக்கு விடுமுறை என்றால் ஒரே அர்த்தம்தான். தாதரிலோ குர்லாவிலோ ரயில் ஏறி ஊர் போய்ச் சேருவது. எங்கள் வீட்டிலும் பத்து வருடமாக அப்படித்தான். சென்ற டிசம்பரில் ஒரு மாறுதல். வில்லிவாக்கத்தில் மூத்த மகனோடு இருக்கும் என் மாமியார் வடாலாவுக்கு வந்திருந்தார்கள். "வருஷா வருஷம் நீங்க அங்க வாறீங்க. இந்த ஊருல என்னதான் இருக்குன்னு எனக்கும் காட்டுங்களேன்" என்றார்கள். என் கணவர் கார் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. சொல்ல வேண்டுமா? மகாபலேஷ்வர் என்று அன்று இரவே முடிவாகிவிட்டது.

மூத்தவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நாலு. வளைவுச் சாலையில் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு முதல் கவலை வாந்திதான். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை உள்ளவர்களைத்தான் இது அதிகம் படுத்துகிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது. மடியில் உள்ள போனையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ "எதுவும் அசையவில்லை" என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு புரண்டுவிடுகிறது. ஆகவே மலையில் போன் கிடையாது என்று முன்கூட்டியே சட்டம் போட்டேன். பெரியவர்களுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, பிள்ளைகளுக்கு வெறும் இட்லி, ஒரு டப்பா உப்பு நார்த்தங்காய், பிறகு ஒரு வாரமாகக் கழுவிக் காயவைத்த பால் கவர் இருபது. பால் கவர் எதற்கு என்று கேட்காதீர்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். 2024 ஜனவரியிலிருந்து வடாலாக்காரர்களுக்கு ஒரு சௌகரியம், பக்கத்துச் சிவ்ரியிலேயே அடல் சேதுவில் ஏறிவிடலாம். மொத்தம் 21.8 கிலோமீட்டர், அதில் 16.5 கடலுக்கு மேல். இருட்டில் கடல் தெரியவில்லை என்று மூத்தவன் குறைப்பட்டான்.

பன்வேல் தாண்டி விரைவுச் சாலையில் போகாமல் பழைய புனே சாலையைப் பிடித்தோம். காரணம் ஷிங்ரோபா. கோபோலியிலிருந்து போர் காட் ஏறும்போது சாலையோரம் ஒரு சின்னக் கோவில். தனங்கர் இனத்து ஆட்டிடையர் ஒருவர் வெள்ளைக்காரர்களுக்கு இந்த மலையில் வழி காட்டினார், காட்டியவரையே அவர்கள் சுட்டுவிட்டார்கள் என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். இந்த மலையில் 1830-ல் வண்டிப் பாதை வந்தது, 1863-ல் ரயில் வந்தது. பாதை போட்ட துரைகளின் பெயர்களெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. லாரிக்காரர்கள் காசு போட்டுவிட்டுப் போவது ஷிங்ரோபாவுக்குத்தான். மாமியாரும் பத்து ரூபாய் போட்டார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. மராத்தியில் 'காட்' என்றால் மலைப்பாதை. பிள்ளைகள் "ஆச்சி, இன்னும் ரெண்டு காட் இருக்கு" என்றபோது, "அவ்வளவு காடா? புலி கிலி வருமா?" என்று மாமியார் உண்மையாகவே பயந்துவிட்டார்கள்.

புனேயைச் சுற்றிக்கொண்டு கம்பாட்கி ஏறி, சுரூரில் பெருஞ்சாலையை விட்டுத் திரும்பினால் வாய் என்கிற ஊர். பேரைக் கேட்டு மூத்தவன் சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் பசர்ணி காட் வந்துவிட்டது. சின்னவள் என் தோளைத் தட்டி, "அம்மா, உல்டி" என்றாள். பால் கவருக்கு வேலை வந்தது. உடனே வண்டியை ஓரங்கட்டி, அவளைத் தூர மலையைப் பார்க்கும்படி நிற்கவைத்தோம். அங்கே பத்து நிமிடம். மேலே இன்னொரு வளைவில் மறுபடி பத்து நிமிடம். பாஞ்ச்கணிக்குள் நுழைந்தபோது பொழுது மத்தியானம். கணவருக்குக் கோபம்தான். ஆனால் நாலு வயதுப் பிள்ளையின் வயிறு எப்படி நேரம் பார்க்கும்?

மகாபலேஷ்வரின் 'பாயின்ட்'களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் கூட்டத்தில் நாங்கள் பார்த்தது பெரும்பாலும் முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான். ஸ்ட்ராபெரி நன்றாக இருந்தது. மாமியாருக்குப் பிடித்தது ஒரே இடம், பழைய மகாபலேஷ்வரில் உள்ள பஞ்சகங்கா கோவில். கிருஷ்ணா, வெண்ணா, கொய்னா, சாவித்திரி, காயத்ரி என்று ஐந்து நதிகளின் நீர் அங்கே கல் பசுவின் வாய் வழியாக விழுகிறது.

அங்கேதான் என் கணவர் அம்மாவிடம் சொன்னார்: "நம்ம வீட்டுக் குழாய்ல வருதே கிருஷ்ணா தண்ணி, அது இங்கதாம்மா பிறக்குது." மாமியார் நம்பவில்லை. அரபிக் கடல் அங்கிருந்து சுமார் 64 கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் போகாமல் கிழக்கே திரும்பி, ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் சேருகிறது இந்த நதி. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. சென்னைக்கு விட்டுத்தர 1976-ல் சம்மதித்தன. ஸ்ரீசைலம், சோமசீலா, கண்டலேறு என்று இறங்கி முதல் தண்ணீர் தமிழ்நாட்டு எல்லைக்கு வந்தது 1996-ல். இருபது வருடம்! அதற்குப் பிறகும் எத்தனையோ கோடையில் லாரித் தண்ணீருக்காக நடுராத்திரி பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையில் நின்றவர்கள் என் மாமியார். பசுவின் வாயில் கையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார்கள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் காதில் விழவில்லை. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் திரும்பினோம். பசர்ணி இறக்கத்தில் கணவர் கியரை நியூட்ரலில் போட்டார். பெட்ரோல் மிச்சமாம். எனக்குச் சரியாகப் படவில்லை. மாமியார் முன்னால் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு. நாலைந்து வளைவு போனதும் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை. "பெடல் உள்ள போகுது" என்றார் கணவர், மிகவும் மெதுவாக. அவர் குரல் அப்படி ஆகி நான் கேட்டதே இல்லை. இடது பக்கம் பள்ளம். சின்னவள் என் மடியில். கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒரு வளைவில் அகலமாக இருந்த மண்தரையில் நிறுத்திவிட்டார். முன்சக்கரத்திலிருந்து புகை.

பின்னால் ஸ்ட்ராபெரி ஏற்றி வந்த டெம்போக்காரர் இறங்கி வந்தார். கேட்காமலே இரண்டு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். தண்ணீர் ஊற்றாதே, தானாக ஆறட்டும் என்றார். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, பாரமெல்லாம் பிரேக்கின் மேல். சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. "எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு, தாதா" என்று மராத்தியில் சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு டப்பா பழம் கொடுத்தார். பணம் வாங்கவில்லை.

முக்கால் மணி நேரம் கல்மேல் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகளுக்கு அது இன்னொரு பிக்னிக். எங்கள் மூவரில் யாரும் பேசவில்லை. பிறகு இரண்டாவது கியரில், எஞ்சின் உறும உறும, மாட்டுவண்டி வேகத்தில் வாய் வரை இறங்கினோம். அன்று சின்னவளுக்கு ஒரு பால் கவர்கூட வேண்டியிருக்கவில்லை. மெக்கானிக் பிரேக்கைப் பார்த்து ஆயில் மாற்றுகிற வரை, டோல்யா கணபதி கோவில் படித்துறையில் பிள்ளைகள் கிருஷ்ணாவில் காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரியில் மாமியாரை ரயிலேற்றப் போனோம். பையில் அந்தப் பாட்டில். "குழாயிலேயே வருதே அத்தை, இதை வேற சுமந்துகிட்டுப் போகணுமா?" என்றேன்.

"அது பூண்டித் தண்ணி. இது பொறந்த தண்ணி" என்று சொல்லி, பாட்டிலைச் சேலைக்கு நடுவில் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.