உடல்நலச் செயலிகளும் அவற்றின் எண்களும்: ஒரு சமூக நோக்கு

கைத்தொலைபேசியின் துணைகொண்டு உடல்நலம் பேண விழைவோர் தொகை அண்மைக் காலத்திற் பெருகியுள்ளது. ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை அடி நடந்தார், எத்தனை கலோரி உண்டார், எத்தனை மணிநேரம் உறங்கினார் என்பனவற்றை அதிலுள்ள செயலிகள் கணக்கிட்டுக் காட்டுகின்றன. இவற்றை நன்றென்றோ தீதென்றோ தீர்த்துவிடுதல் எளிது. ஆயின், அவை காட்டும் எண்கள் எங்கிருந்து வந்தன, எத்தகைய வாழ்க்கை முறையினரை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டன என்ற வினாக்களே ஆராயத்தக்கவை.

அன்றாட இலக்காகப் பெரிதும் வழங்கும் 10,000 அடிகளை முதலில் நோக்குவோம். இவ்வெண் ஆய்வுகூடத்திற் பிறந்ததன்று. 1964இல் தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடைபெற்றதையடுத்து யப்பானிய மக்களிடையே உடற்பயிற்சி பற்றிய ஆர்வம் மிகுந்திருந்தது. அச்சூழலில், 1965இல், யமாசா என்னும் கம்பனி அடிகளை எண்ணும் கருவியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. 'மன்போ-கெய்' என்பது அதன் பெயர். 'பத்தாயிர அடி மானி' என்பது அதன் பொருள். விற்பனைப் பெயராக வந்த எண், காலப்போக்கில் மருத்துவ விதிக்குரிய மதிப்பைப் பெற்றுவிட்டது. ஐ-மின் லீ என்பாரும் பிறரும் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்று 16,741 முதிய பெண்களின் நடையை அளந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தோரிலும் பார்க்க, 4,400 அடி நடந்தோரிடையே இறப்பு வீதம் கணிசமாகக் குறைந்திருந்தது; 7,500 அடியளவில் அந்நன்மை மேலும் பெருகாது நின்றது. சராசரி வயது 72 உடைய பெண்கள் பற்றிய முடிபை எல்லோருக்கும் பொருத்துதல் முறையன்று. எனினும், பத்தாயிரத்தை எட்டாதவர் தம்மைக் குற்றவாளியாகக் கருத வேண்டியதில்லை என்பதற்கு அது போதிய சான்றாகும்.

கலோரிக் கணக்கின் வரலாறு வேறு. அது அறிவியலின் வழிவந்தது. காபோவைதரேற்றும் புரதமும் கிராமொன்றுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி என்னும் பொதுக் கணிப்பு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் வில்பர் அற்வாட்டர் நடத்திய பரிசோதனைகளை அடியாகக் கொண்டது. ஆயினும் அது ஒரு சராசரியே. 28 கிராம் பாதாம் பருப்பு ஏறத்தாழ 170 கலோரி தரும் என்பது வழக்கமான கணிப்பு. உடல் உண்மையிற் பெற்றது 129 கலோரியே என 2012இல் வெளியான ஆய்வொன்று கண்டது. பருப்பின் கலச்சுவர்களுள் அடைபட்ட கொழுப்பு முற்றாகச் சமிபாடடையாமையே இதற்குக் காரணம்.

நமது உணவை இக்கணக்கினுட் கொணர முயலும்போது சிக்கல் மேலும் வலுக்கிறது. புட்டு என்பது ஒரே பண்டமன்று. அரிசிமாவா குரக்கன்மாவா, தேங்காய்ப்பூ எவ்வளவு என்பன வீட்டுக்கு வீடு வேறுபடும். சொதிக்கு விட்ட பாலையும் சம்பலுக்குத் துருவிய தேங்காயையும் நிறுத்துப் பார்ப்பவர் யார்? செயலிகள் சிலவற்றின் உணவுப் பட்டியல்கள், பயன்படுத்துவோரே சேர்த்த பதிவுகளாற் பெருகியவை. ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று முரணான எண்கள் அவற்றிற் காணப்படுவதில் வியப்பில்லை. ஆனால் பொதி செய்யப்பட்ட பிஸ்கற்றின் உறையிலுள்ள கோட்டுக் குறியீட்டைக் கமராவுக்குக் காட்டியதும் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆலையிற் செய்த பண்டம் இலகுவிற் கணக்கில் ஏறுகிறது; வீட்டு அடுப்பில் வெந்த கூழ் ஏற மறுக்கிறது. எதனை அளப்பது எளிதோ அதனையே உண்ணுமாறு இக்கருவி மெல்லத் தூண்டக்கூடும் என்பதை ஊட்டச்சத்து அறிஞர் கவனத்திற் கொள்ளல் வேண்டும்.

அளத்தல் மாத்திரத்தாற் பயன் விளையுமா? 2016இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், உடற்பருமன் மிக்க 471 இளவயதினர் இரண்டு ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். கையில் அணியும் மின்கருவியைப் பெற்றோர் சராசரியாக 3.5 கிலோகிராம் எடை குறைந்தனர். கருவியின்றி, உணவையும் பயிற்சியையும் தாமே வலைத்தளத்திற் பதிந்து வந்தோர் 5.9 கிலோகிராம் குறைந்தனர். ஓர் ஆய்வு கொண்டு முடிவு கட்டலாகாது. எனினும் கருவியின் வலிமையை மிகைப்படுத்தும் விளம்பரங்களுக்கு இது தக்க மறுப்பாகும். நீரிழிவுடைய ஒருவர் இரு வாரங்கள் தாம் உண்டதை ஒழுங்காகப் பதிந்து வைத்தியரிடம் காட்டுவாராயின், எண்கள் துல்லியமற்றனவாயினும் உண்ணும் பாங்கு புலப்படும். இத்தகைய பயனை மறுப்பதற்கில்லை.

பதியப்பட்டவை எவருக்குச் சொந்தம் என்பது அடுத்த வினா. மைஃபிற்னெஸ்பால் என்னும் செயலியை 2015இல் அண்டர் ஆமர் என்ற உடை நிறுவனம் 475 மில்லியன் டொலருக்கு வாங்கியது. விலைபோனது மென்பொருள் மட்டுமன்று; பல மில்லியன் மக்கள் ஊதியமின்றி நாளும் பதிந்த தகவற் களஞ்சியமுமாகும். 2018இல் அச்செயலியின் ஏறத்தாழ 150 மில்லியன் கணக்குகளின் விபரங்கள் களவாடப்பட்டன.

அடிகளை எண்ணும் நுண்கருவி ஆர்முடுகலை உணர்ந்து இயங்குவது. சீராக மீளும் அசைவையே அது அடியெனக் கொள்கிறது. நாள் முழுதும் கதிரையில் அமர்ந்து ஊதியம் பெறுவோருக்கே நடை ஒரு தனிக் கடமையாகிறது. மலையகத்தில் கூடை சுமந்து சரிவுகளில் ஏறியிறங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு எண்ணிக் காட்டக் கருவி வேண்டியதில்லை. அவள் சுமக்கும் பாரத்தை அது எண்ணுவதுமில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர். பெருந்தோட்டங்களில் அவர் தொகை மூன்றிலொரு பங்கை அண்மியது. அங்கு கணக்கிட வேண்டியிருப்பது நாட்கூலியையும் அரிசியின் விலையையும்.