வழக்கறிஞரின்றி நிற்கும் தந்தை

பிளவுபட்ட இல்லங்களின் வழக்குகளில் வாதத் திறமையைவிடச் சமரசமே முதன்மை பெற வேண்டும் என்னும் நோக்குடன், நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கறிஞரை வைத்து வாதாடுவதை எவரும் உரிமையாகக் கோர இயலாது என்று அதன் 13-ஆம் பிரிவு கூறுகிறது. கணவனும் மனைவியும் நேர்நின்று தம் வாயாலேயே பேசட்டும் என்பதே அதன் கருத்து. சாலமோன் அரசன் முன் வந்த பெண்கள் இருவரும் அவ்வாறே தம் வழக்கை உரைத்தனர்.

ஆயினும், நடைமுறை வேறாக இருக்கிறது. நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்கறிஞர்கள் பல வழக்குகளில் வாதாடுகின்றனர். மனைவியின் தரப்பில் வழக்கறிஞர் நிற்க, எளிய தொழிலாளியான தந்தை தனித்து நின்றால் தராசு எவ்வாறு சமமாகும்?

1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். வீட்டினின்று வெறுங்கையோடு வெளியேற்றப்படும் பெண்களை எண்ணினால், இது நியாயமே. ஆனால், ஆடவருள் பெரும்பாலோர்க்கு வருமான வரம்பு உண்டு. அவ்வரம்பைச் சற்றே தாண்டியும், வழக்கறிஞருக்குக் கட்டணம் செலுத்த இயலாத தந்தை நடுவே அகப்பட்டுக்கொள்கிறார். அவர் இழக்கக்கூடியது பொருளன்று. பெற்ற பிள்ளையின் அருகாமை. பிள்ளையைச் சந்திக்க இடைக்கால உத்தரவு கேட்கலாம் என்பதை அறியாமலே பல மாதங்களைக் கடத்திவிடுகிறார். வாய்தாவுக்குச் செல்லத் தவறினால் ஒருதலைப்பட்ச உத்தரவும் வந்துவிடலாம்.

இதற்குப் பரிகாரம் அச்சட்டத்திலேயே உள்ளது. சமரசத்திற்கு முயல்வது நீதிபதியின் கடமை. சட்ட வல்லுநர் ஒருவரைத் தமக்குத் துணையாக அவர் அழைக்கலாம். சாட்சியச் சட்டத்தின் கட்டுகளைத் தளர்த்தி, உண்மையை அறிய உதவும் எந்த ஆவணத்தையும் ஏற்கலாம். நீதிபதி பொறுமையோடு இவற்றைக் கையாண்டால்தான் தனித்து நிற்பவருக்கும் நீதி கிட்டும். கணவர் வழக்கறிஞரோடு வர, தாய் தனித்து நிற்கும் வழக்கிலும் இதுவே நியதி.

தந்தையர்க்கும் ஒரு சொல். பிள்ளையின் நலனையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் நெறி. ஆகவே, மனைவியின் குறைகளை அடுக்குவதால் பயனில்லை. பிள்ளையின் படிப்பு, உடல்நலம், அன்றாடப் பராமரிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுங்கள். பள்ளிக் கட்டண ரசீதுகளையும் மருத்துவச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். வாய்தாவைத் தவறவிடாதீர்கள். விசாரணை பிறர் செவிக்கு எட்டலாகாது என விரும்பினால், தனியறையில் நடத்தக் கோருங்கள். இறுதித் தீர்ப்பின்மேல் முறையீடு செய்ய 30 நாட்களே உண்டு என்பதை மறவாதீர்கள்.

பங்கு மக்களாகிய நமக்கும் இதில் கடமையுண்டு. இத்தகைய குடும்பங்களைக் குறித்துப் புறங்கூறுவதை விடுத்து, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிற்கு வழிகாட்டுவோம். பங்கிலுள்ள வழக்கறிஞர்கள் வாரம் ஒரு மணி நேரம் ஆலோசனை வழங்கினால், அது சிறந்த அறப்பணியாகும். நற்செய்தி ஏடுகளில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. எனினும் அவரே திருக்குழந்தையின் உண்மைக் காவலர். பேசத் தெரியாத தந்தையும் அன்புள்ள தந்தையாக இருக்கக்கூடும் என்பதை நீதிமன்றமும் நாமும் நினைவிற்கொள்வோமாக.