சூளையில் வெந்த கடல்மதில்

சென்ற தைப்பொங்கலுக்கு முந்திய வாரம், கல்குடாவை அடுத்துள்ள எங்கள் தாய்வழி வீட்டின் பின்சுவரைப் பழுதுபார்ப்பிக்கச் சென்றிருந்தேன். மேசன் பழைய சாந்தைத் தட்டித் தட்டி உதிர்த்துக்கொண்டிருந்தார். உள்ளே செங்கல் இருக்கும் என்று எண்ணியிருந்த எனக்கு வெளிப்பட்டது வேறொன்று. ஒரு சாண் அகலமான வெளிறிய கல். அதன் முகமெங்கும் நட்சத்திர வடிவான சின்னஞ்சிறு குழிகள். "ஐயா, இது முருகைக்கல்லெல்லோ!" என்றார் மேசன். கல்லைக் கையில் வாங்கினேன். பார்வைக்குத் தோன்றிய அளவுக்குப் பாரம் இல்லை.

அந்தச் சிறு குழி ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் ஓருயிரின் இல்லமாக இருந்தது. கடுகளவும் மிளகளவுமான பிராணிகள், கடல்நீரிற் கரைந்துள்ள சுண்ணப் பொருளைப் பிரித்தெடுத்துத் தமக்குக் கீழே இருக்கை கட்டிக்கொள்கின்றன. தலைமுறை மடிய அடுத்த தலைமுறை அதன்மேலேயே கட்டுகிறது. கிளைவிட்டு வளரும் இனங்கள் ஆண்டொன்றுக்கு 10 சென்ரிமீற்றருக்கு மேலும் நீளக்கூடும். உருண்டு திரண்ட பாறையினங்களோ ஒரு சென்ரிமீற்றர் வளர்வதே அரிது. என் கையிலிருந்தது திரண்ட இனம். அந்த ஒரு சாண் கல்லைக் கட்டி முடிக்க ஏறத்தாழ என் அம்மப்பாவின் ஆயுட்காலத்தின் கால்வாசி சென்றிருக்கும்.

அதைச் சுவரில் வைத்தவரும் அவரே. எங்கள் அம்மப்பா சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தவர். 1960களில், பாடசாலை விடுமுறைக்குப் போகும் வேளைகளில், தென்னந்தோப்பின் ஓரத்தில் அந்தச் சூளை புகைவதை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பேன். வள்ளத்திற் சென்றவர்கள் அலவாங்கு கொண்டு பெயர்த்து வரும் கல்லைப் பெண்கள் கடகத்திற் சுமந்து கரையேற்றுவார்கள். ஓரடுக்கு விறகு, ஓரடுக்குக் கல் என்று அடுக்கித் தீ மூட்டினால் கல்லிலிருந்த காபனீரொட்சைட்டு வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதன்மேல் நீர் தெளித்ததும் சீறிப் பொங்கித் தூளாக உதிரும் காட்சி எனக்குப் பெரிய வேடிக்கை. ஊரில் வெள்ளையடித்த வீடுகள் எல்லாம், கோயில் மதில் உட்பட, அந்தச் சூளையிலிருந்து புறப்பட்டவை. வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பும் அதுவே. அது தவறென்று எவரும் நினைத்ததில்லை; நானும் நினைக்கவில்லை. கடலில் முளைப்பது கடல் இருக்கும்வரை முளைக்கும் என்பதே அன்றைய கணக்கு.

அக்கணக்கு எங்கே பிழைத்தது என்பதை நான் கண்டது எங்கள் கரையிலன்று, தீவின் மறுபுறத்தில். உத்தியோக நிமித்தம் சில ஆண்டுகள் காலியில் வசித்த காலத்தில், கொழும்பிலிருந்து கடலோரமாகச் செல்லும் புகையிரதத்தில் அடிக்கடி பயணஞ் செய்தேன். அம்பலாங்கொடையைத் தாண்டியதும் பாதையின் நிலப்பக்கமாகப் பச்சை நீர் தேங்கிய பள்ளங்கள் தென்படும். பழங்காலத்தில் கடலுக்கடியில் இருந்து பின்னர் மண்மூடிப்போன முருகைப் படிவுகளைச் சுண்ணாம்புக்காகத் தோண்டியெடுத்த குழிகள் அவை. கடலினுள்ளும் அதே வேலை நடந்தது. அம்பலாங்கொடை தொடக்கம் திக்குவல்லை வரையுள்ள கரையில் ஆண்டுக்குச் சுமார் 18,000 தொன் முருகைக்கல் சூளைகளுக்குச் சென்றதென 1984 இல் எடுத்த கணக்கொன்று கூறுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று அதே பாதையில், பெரேலியாவில், புகையிரதம் ஒன்றை ஆழிப்பேரலை புரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் அக்கரையை ஆராய்ந்தவர்கள் 2005 இல் வெளியிட்ட குறிப்பு, படித்த நாள்முதல் என்னை விட்டகலவில்லை. கடற்பார் பாதுகாக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலையின் உயரம் 2 அல்லது 3 மீற்றர். நீர் 50 மீற்றர் வரையே உட்புகுந்தது. அங்கிருந்து 3 கிலோமீற்றர் வடக்கே, கல்லெடுத்து வெறுமையாகிப்போன பெரேலியாவில் அலை 10 மீற்றர். நீர் ஒன்றரைக் கிலோமீற்றர் ஊருக்குள் ஓடியது. கல் பெயர்த்த இடைவெளிகள் நீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தன என்பது அவர்கள் முடிவு.

இதை வேதவாக்காகக் கொள்வதும் சரியன்று. அதே பேரலை பற்றி ஆச்சேயில் ஆராய்ந்தோர், அங்கே பார் இருந்ததும் இல்லாததும் ஒன்றாகவே முடிந்ததென எழுதினார்கள். அலையின் உயரமும் நிலத்தின் அமைப்புமே அங்கு யாவற்றையும் தீர்மானித்தன. ஊழிக்கு மதில் ஏது? ஆனால் ஊழி தினமும் வருவதில்லை. அலை தினமும் வருகிறது. உலகின் பல கரைகளில் எடுத்த அளவீடுகளைத் திரட்டி 2014 இல் வெளியான ஆய்வு, முருகைப் பார்கள் அலையின் சக்தியில் சராசரியாக நூற்றுக்கு 97 பங்கைத் தணிக்கின்றன என்று காட்டியது. பாசிக்குடாவில் இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடந்து செல்லலாம் என்று வெளியூரார் வியக்கிறார்களே, அந்த அமைதியும் தூரத்தே பார் கொடுத்த கொடைதான்.

கரையோரம் பேணுவதற்கான சட்டம் 1981 இல் வந்தது. 1988 இல் அதனைத் திருத்தி முருகைக்கல் அகழ்தலைத் தடைசெய்தனர். நல்ல காரியம். எனினும் கடகம் சுமந்த பெண்களின் கூலிக்கு மாற்றாக எதுவும் எங்கள் பக்கம் வந்ததாக நான் அறியேன். சட்டத்துக்குப் பின்னரும் இரவில் ஒரு வள்ளம் போனதென்றால் அது பேராசையால் மட்டும் போகவில்லை.

கல்லெடுப்பது நின்றால் போதும் என்றிருந்த காலமும் கடந்துவிட்டது. முருகைப் பிராணியின் உடலினுள் நுண்ணிய பாசியொன்று குடியிருந்து அதற்கு உணவூட்டுகிறது. கோடையின் உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு பாகை கூடிச் சில வாரம் நீடித்தால் அந்தப் பாசி வெளியேற்றப்பட்டுவிடும். பாறை வெளுக்கும், பட்டினி கிடக்கும், நீடித்தால் மடியும். 1998 இல் எங்கள் தீவின் மேற்கிலும் தெற்கிலும் பார்கள் இவ்வாறே வெளுத்துப் பெரும்பகுதி மடிந்தன. திருகோணமலைப் பக்கம் பெரிதும் தப்பியது. கடல்மட்டமும் சும்மா இருக்கவில்லை. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம் உயர்ந்திருக்கிறது. மதில் உயிருடனிருந்தால் நீருடன் தானும் உயரும். செத்த மதில் தேயும்.

ஆகவே இப்போது நட்டு வளர்க்கிறார்கள். இந்தோனேசியாவில், சுலாவெசிக்கு அண்மையில், வெடிவைத்து மீன் பிடித்ததால் நொறுங்கிய பார்களின்மேல் இரும்புச் சட்டங்களைப் பிணைத்து, அவற்றில் உயிர்க்கிளைத் துண்டுகளைக் கட்டினார்கள். நான்கே ஆண்டுகளில் அவை ஆரோக்கியமான பாருக்கு நிகராகச் சுண்ணம் சேர்ப்பதாக 2024 இல் அறிவித்தனர். தூத்துக்குடிக்கு எதிரே தேய்ந்து போகும் வான்தீவைக் காக்கச் சீமெந்தினாலான செயற்கைப் பார்களைக் கடலில் இறக்கினார்கள். எங்கள் நாட்டிலோ 2021 இல் பழைய பேருந்துகளை வடகடலில் இறக்கினார்கள், மீன் பெருகட்டும் என்று. மீன் ஏறுமோ என்னவோ, பேருந்து முருகையாகாது.

அன்று மாலை, சுவரிலிருந்து உதிர்ந்த கற்களையெல்லாம் ஒரு சாக்கிலிட்டு, அம்மப்பாவிடம் சிறுவயதிற் கல்லெடுத்த அயல்வீட்டு அண்ணையிடம் போனேன். என் எண்ணத்தைச் சொல்ல இப்போது நாணமாக இருக்கிறது. கடலிலிருந்து வந்ததைக் கடலிலேயே சேர்த்துவிட்டால் அம்மப்பாவின் கடனில் ஒரு துளியாவது தீருமென்று நினைத்தேன். அவர் சாக்கைத் திறந்து பார்த்தார். எண்பதை எட்டும் வயது. நீரினுள் மூச்சடக்கி மூச்சடக்கி ஒரு செவி கேளாது.

"தம்பி, உருளுற கல்லில ஒண்டும் முளைக்காது. மாரிக்கடல் அடிக்கக்குள்ள இது புரண்டு புரண்டு, இருக்கிற குருத்தையும் நசுக்கிப்போடும்" என்றார்.

இதையேதான் சுலாவெசி ஆய்வாளர்களும் சொல்கிறார்கள்: தளர்ந்த கற்குவியலில் இளமுருகை வேர்கொள்ளாது, ஆகையினாலேயே அசையாத இரும்புச் சட்டம். அண்ணை அந்த அறிக்கையைப் படித்தவரல்லர். சட்டத்தில் கிளை கட்டும் விதத்தை நான் விளக்கியபோது கவனமாகக் கேட்டார். எந்த நீரோட்டத்தில் எந்த இனம் நிற்கும், எங்கே முன்னர் அடர்த்தியாக இருந்தது, எங்கே தாமே வழித்தெடுத்தார் என்பதெல்லாம் விரல்விட்டுச் சொன்னார். இத்தனையும் எந்த அலுவலகத்தின் வரைபடத்திலும் இராது. "என்னை ஒருத்தரும் கேட்கல்லையே" என்றார். பிறகு, "கட்டலாம். கடல் சுட்டா என்ன செய்யிற?" என்றார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

தூரத்தே, பார் இருக்கும் இடத்தில், மாரிக்கடலின் அலைகள் நீண்ட வெள்ளைக் கோடாக உடைந்துகொண்டிருந்தன. அந்தக் கோட்டில் இரண்டிடத்தில் இடைவெளி தெரிந்தது. அவற்றின் வழியே அலை உடையாமற் கரைக்கு வந்தது. வடக்குப் பக்கத்து இடைவெளியை அண்ணை விரலாற் காட்டி, "அது உங்கட அம்மப்பாட சூளைக்கு எடுத்தது" என்றார்.

சாக்கைத் திரும்பச் சுமந்து வந்தேன். கற்கள் இப்போது கிணற்றடி வேம்பின் கீழ்க் குவிந்து கிடக்கின்றன. சுவருக்குச் சீமெந்து பூசியாயிற்று.