கிளட்ச்: வண்டிக்கு வண்டி வேறு

ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் பல வருடம் மும்பை நெரிசலில் தேர்ந்தவர்கள், கார் வாங்கியதும் சீக்கிரமே ஓட்டக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் காரில்தான் கிளட்ச் தட்டு முதலில் தேய்கிறது. நம் சங்கத்து நண்பர்கள் பலரிடம் நான் கவனித்தது இது. அலட்சியம் என்று சொல்லமாட்டேன். கிளட்ச் என்ற ஒரே பெயரில் பல சாதனங்கள் இருக்கின்றன. ஒன்றில் பழகிய கையும் காலும் மற்றதிலும் அதே வேலையைச் செய்கின்றன.

பெட்ரோல், டீசல் இன்ஜின் சும்மா ஓடும்போதே நிமிடத்துக்கு 800, 1000 சுற்று சுற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அணைந்துவிடும். சக்கரமோ நின்றுகொண்டிருக்கிறது. சுற்றுவதையும் நிற்பதையும் நோகாமல் சேர்த்துவைப்பதுதான் கிளட்சின் வேலை. காரில் இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் மேல் ஒரு தட்டை ஸ்பிரிங் எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கும். பெடலை மிதித்தால் பிடி விடும், கியர் மாற்றலாம். பாதி மிதித்தால் தட்டு வழுக்கியபடி உராய்ந்து சூடேறும். காரில் இது ஒற்றைத் தட்டு. எண்ணெய் படாத உலர்ந்த தட்டு. சூடு போக வழி குறைவு.

மோட்டார் சைக்கிளிலும் பழைய சேத்தக்கிலும் இருப்பது எண்ணெயில் ஊறும் சின்னச் சின்னத் தட்டுகளின் அடுக்கு. அரை கிளட்சில் ஊர்ந்தாலும் எண்ணெய் ஓரளவு சூட்டை வாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தோடு காரில் பெடல்மேல் காலை வைத்தபடியே சயானிலிருந்து தாதர் வரை வந்தால், தட்டு கருகும் வாசனை மூக்கில் ஏறும். காரில் பெடல் முழுக்க உள்ளே இருக்க வேண்டும், அல்லது கால் அதன்மேலேயே இருக்கக்கூடாது. புறப்படும் அந்த இரண்டு விநாடி மட்டும் விதிவிலக்கு.

கியர் இருக்கும் இடமும் வண்டிக்கு வண்டி மாறும். சேத்தக்கில் இடது கைப்பிடியைத் திருக வேண்டும். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவார். அப்பாவின் புல்லட்டை ஆசையாகக் கேட்கும் பிள்ளைகளை முதலில் காலி மைதானத்தில் ஓட்டவிடுங்கள்.

கியரில்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. குடை ராட்டினம் வேகமெடுத்தால் இருக்கைகள் வெளிப்பக்கம் விரிகிறதல்லவா? அதேபோல் இன்ஜின் வேகமெடுத்ததும் உள்ளே இருக்கும் ஷூக்கள் விரிந்து, சுற்றியுள்ள டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டாவும் இப்போதைய ஆக்டிவாவும் இந்த வகைதான். கியருக்குப் பதில் ஒரு பெல்ட், அகலம் மாறும் இரண்டு கப்பிகள். 2020-ல் மின்சார வண்டியாகத் திரும்பி வந்த சேத்தக்குக்கு மட்டும் கிளட்சே வேண்டாம். மோட்டார் நின்ற நிலையிலிருந்தே இழுக்கும்.

இப்போது அதிகம் ஏமாற்றுவது ஏ.எம்.டி. கார். 2014-ல் மாருதி செலெரியோவோடு இங்கே பரவத் தொடங்கியது. கிளட்ச் பெடல் இல்லை. ஆனால் அடியில் அதே உலர்ந்த தட்டு, அதே கியர் பெட்டி. உங்கள் காலுக்குப் பதிலாக ஒரு இயந்திரக் கை மிதிக்கிறது, அவ்வளவுதான். மேம்பாலச் சரிவில் நெரிசலில் நிற்கும்போது, வண்டி பின்னால் போகாமலிருக்க ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் பிடிக்கிறார்களே, அது அரை கிளட்சேதான். பிரேக்கை மிதியுங்கள், அல்லது ஹேண்ட் பிரேக்கை இழுங்கள்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கண்டாலாவிலிருந்து கோபோலிக்கு இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். அதற்கு இசையாதீர்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். சூடு எல்லை மீறினால் எவ்வளவு மிதித்தும் பிரேக் பிடிக்காது. ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள். கியரில்லாத ஸ்கூட்டரில் வேகம் மிகவும் குறைந்தால் ஷூக்கள் சுருங்கி இன்ஜினின் பிடி தானாகவே விட்டுப்போகும். ஆகவே மலையிறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து, நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி ஆறவிட்டுப் போவதுதான் வழி.