மலையை வெட்டி ரோடு போட்டாச்சு... அந்தச் சரிவில் அடுத்து யார் குடியேறுவாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சற்றுத் திருத்தியிருக்கிறோம்.)

மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறுற பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா, எல்லாரும் பள்ளத்தாக்குப் பக்கம்தான் பார்ப்போம். இன்னைக்குக் கொஞ்சம் மறுபக்கம் திரும்புங்க. ரோட்டுக்காக மலையை வெட்டின செம்மண் சுவர் கூடவே வரும். ஒரு வளைவுல மொட்டையா இருக்கும். அடுத்த வளைவுல பாசியும் பெரணியும் தொங்கும். இன்னொரு இடத்துல புதரா மண்டி மஞ்சள் பூ பூத்திருக்கும். யாரும் நடாத இந்தச் செடிகள் எப்படி வந்துச்சு? அதுங்க மண்ணைப் பிடிச்சு நிறுத்துதா?

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை. 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டம் முழுக்க மண்சரிவுகள். 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்படி ஒரு மழையைச் செடிகள் மட்டுமே தடுத்திருக்காதுதான். ஆனா வருஷா வருஷம் மழைக்காலத்துல ரோட்டில் வந்து விழும் சின்னச் சின்னச் சரிவுகள் இருக்கே, அதைக் குறைப்பதில் செடிகளுக்குப் பெரிய பங்கு இருக்கு.

முதலில் போவது மேல்மண்

மலையை வெட்டும்போது முதலில் காணாமல் போவது மேலே இருக்கும் கறுப்பு மண். விதைகள், மக்கு, வேருக்கு உதவும் பூஞ்சைகள் எல்லாம் அதில்தான் இருக்கு. வெட்டிய பிறகு வெளியே தெரிவது அடிமண். இறுகிக் கிடக்கும், தழைச்சத்து ரொம்பக் குறைவு, உள்ளே விதையும் இருக்காது. ஆக, இங்கே முளைக்கணும்னா விதை வெளியிலிருந்துதான் வந்தாகணும்.

வந்தாலும் தங்கணுமே! முளைக்க மழை வேணும். அதே மழை விதையை அடிச்சுக்கிட்டும் போயிடும். சரிவு செங்குத்தா இருந்தா தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாகவே ஓடிவிடும். ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் நெடுஞ்சாலைச் சரிவுகளை ஆராய்ந்தவர்கள், 45 டிகிரிக்கு மேல் போனால் செடிகள் பிடிப்பது மிகவும் கடினம் என்று கண்டார்கள். அது வறண்ட பூமி, நீலகிரி ஈரமான மலை. ஆனா கணக்கு ஒண்ணுதான்: எங்கே விதையும் ஈரமும் சேர்ந்து தங்குதோ, அங்கேதான் முதல் பச்சை வரும். நல்லா பாருங்க, வழவழன்னு சீவிய சுவரில் ஒண்ணும் இருக்காது. கல் இடுக்கிலும் நீர் கசியும் இடத்திலும் முளைச்சிருக்கும்.

வரிசையா வர்ற விருந்தாளிகள்

பெரும்பாலும் பாசிகள் முதலில். அப்புறம் பெரணிகள், அதன் வித்துகள் தூசி மாதிரி காற்றில் பறந்து வரும். இலையைப் புறங்கையில் வெச்சுத் தட்டினா வெள்ளையா டாட்டூ விழுமே, அந்த வெள்ளிப் பெரணி இந்த மாதிரி வெட்டுச் சுவர்களில் அடிக்கடி தென்படும். பிறகு புற்கள், பஞ்சு கட்டிப் பறக்கும் விதையுள்ள செடிகள். வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் பயறு வகைகள் வந்தால் மண் தேற ஆரம்பிக்கும். கிளை இருந்தால் பறவை உட்காரும். பறவை உட்கார்ந்தால் எச்சத்தோடு பழ விதை விழும். புதர், மரம் எல்லாம் அதுக்கப்புறம்தான்.

ஆனா இந்த வரிசை எப்பவும் ஒழுங்கா நடக்காது. அக்கம்பக்கத்தில் எது இருக்கோ அதுதான் வரும். நீலகிரி ரோட்டோரம் இருப்பது பெரும்பாலும் யூபடோரியம், உண்ணிச்செடி, மஞ்சள் பூ பூக்கும் மெக்சிகன் சன்ஃபிளவர். எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. டயர் சேறு, ஜேசிபி, வெளியிலிருந்து கொட்டும் மண் என்று ரோடே அதுங்களுக்கு வாகனம். ஒருமுறை அடர்த்தியா மூடிட்டா, கீழே உள்ளூர்ச் செடியின் நாற்றுக்கு வெளிச்சம் கிடைக்காது. வரிசை அங்கேயே நின்னுடும்.

அதனால பச்சையா இருக்குன்னு மட்டும் பார்த்து, பத்திரமா இருக்குன்னு முடிவு பண்ணிடக் கூடாது. இலை மழைத்துளியின் அடியைத் தாங்கும். புல் வேர் மேலடுக்கைப் பின்னிப் பிடிக்கும். புதரும் மரமும் இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். ஒரே வகைச் செடி மட்டும் இருந்தால் ஒரே ஆழத்தில்தான் பிடிப்பு. பல வகை கலந்திருந்தால்தான் பல ஆழத்தில் பிடி கிடைக்கும். வேர் எட்டாத ஆழத்தில் சரிவு நழுவினால் எந்தச் செடியாலும் நிறுத்த முடியாது. அங்கே வடிகாலும் பொறியியலும்தான் வேலை செய்யணும்.

நாம என்ன செய்யலாம்?

நீலகிரியின் சில மலைச்சாலைகளில் நெடுஞ்சாலைத் துறை சரிவுக்குள் இரும்புக் கம்பிகளை ஆணி மாதிரி இறக்கி, மேலே விதை, உரம், நார், பசை கலந்த கூழைப் பீய்ச்சி அடிக்கிறது. இதற்குப் பெயர் ஹைட்ரோசீடிங். தேங்காய் நார் வலை விரிப்பது இன்னொரு வழி. வலை சில வருஷத்தில் மக்கும், அதற்குள் செடி வேர் விட்டிருக்கணும்.

அப்புறம் நம்ம வெட்டிவேர்! வேர் மூணு மீட்டர் வரைக்கும் நேரா கீழே இறங்கும். தென்னிந்தியாவில் வளர்க்கும் ரகங்கள் பெரும்பாலும் விதை மூலம் பரவாது. நிழலும் ஒத்துக்காது. அதாவது முதலில் மண்ணைப் பிடிச்சுக் கொடுக்கும், மற்ற செடிகள் வளர்ந்து நிழல் கட்டினதும் தானே ஒதுங்கிடும்.

எல்லாத்தையும் விட மலிவான வழி, வெட்டும் நாளிலேயே செய்ய வேண்டியது. மேல்மண்ணைத் தனியா எடுத்து வெச்சு, வேலை முடிஞ்சதும் திரும்பப் பரப்பலாம். செங்குத்தான இடத்தில் மண் நிக்காதுதான். அங்கே சுவரை வழவழன்னு சீவாமல், படிப்படியா, கரடுமுரடா விட்டா விதை தங்க இடம் கிடைக்கும்.

அடுத்த தடவை மலை ஏறும்போது பச்சையை மட்டும் பார்க்காதீங்க. அதில் எத்தனை வகைச் செடி இருக்குன்னு எண்ணிப் பாருங்க. போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!